வில்லின் குற்றமா, கையின் குற்றமா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருபுறமும் மாசி மாதத்தில் பார்க்கத்தக்கது ஏதுமில்லை என்பார்கள். அறுத்த காட்டில் பருத்திமார் நிற்கும். கண்மாய்க் கரிசல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். எஞ்சிய இடமெல்லாம் சீமைக்கருவேலம். அப்பகுதிச் சிற்றூர் ஒன்றில்தான் நான் பிறந்தேன். மகா சிவராத்திரி முடிந்ததும் எங்கள் ஊர் இளைஞர்கள் முயல் வேட்டைக்குப் புறப்படுவார்கள். எங்கள் வீட்டார் கத்தோலிக்கர். ஆயினும் வேட்டை ஊருக்குப் பொது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலையும் சேர்த்தே காக்கிறது என்பதும், நாங்கள் செய்தது குற்றம் என்பதும் அன்று எங்களுள் எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எவரும் முயன்றதுமில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தின் கனம் எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது.

வேட்டைக்குப் பத்து நாள் முன்பிருந்தே ஊர் பரபரக்கும். பெரியவர்கள் வலைகளை விரித்துக் கிழிசல் பார்ப்பார்கள், வேல்கம்பைத் தீட்டுவார்கள், நாய்களின் பாதங்களை மடியில் வைத்து முள் எடுப்பார்கள். பத்து வயதுச் சிறுவனாகிய எனக்கும் ஓர் ஆயுதம் இருந்தது: கவட்டைக் கம்பில் சைக்கிள் டியூப் வார் கட்டிய உண்டிவில். ஓர் ஆண்டு அது என்னை அழவைத்தது. வேலிக்காலில் கவிழ்த்த தகரக் குவளையை மூன்று நாள் குறிபார்த்தும் ஒரு கல்கூடப் படவில்லை. கல்லை மாற்றினேன், குண்டாற்று மணலில் உருண்டைக் கற்களாய்ப் பொறுக்கி வந்தேன். வாரை மாற்றிக் கட்டினேன். கம்பையே மாற்றினேன். எல்லாக் கல்லும் இடப்பக்கமே போயின. திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் தாய்மாமன், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அவமானம் தாளவில்லை. உண்டிவில்லை அவர் மடியில் எறிந்துவிட்டு, "நீங்க அடிங்க பாப்போம்" என்றேன். மாமன் அடித்தார். கல் இடப்பக்கம் போயிற்று. மறுபடி அடித்தார், மறுபடியும் இடப்பக்கம். அதன்பின் அவர் சிரிக்கவில்லை. இரண்டு வார்களையும் சேர்த்துப் பிடித்து நீட்டி அளந்தார். ஒன்று மற்றதைவிட ஒரு விரற்கடை நீளமாயிருந்தது. அறுத்துச் சமனாக்கித் திருப்பிக் கொடுத்தார். பழமொழியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. தாய்மாமன்மார் அப்படியெல்லாம் செய்வதில்லை.

பல ஆண்டுகளாக மறந்திருந்த இந்தச் சிறு நிகழ்ச்சியை, அண்மையில் என் பங்கு இல்லத் திண்ணைக்கு வந்தமர்ந்த ஒருவர் நினைவூட்டினார். அருப்புக்கோட்டையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், பொறியியல் படித்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரிபவர், விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் என்னிடம் சொன்னது ஒப்புரவு அருட்சாதனத்தில் அன்று, தேநீர் அருந்திக்கொண்டே. இதை எழுதலாமா என்று கேட்டேன். பேர் போடாமல் எழுதுங்கள் என்றார்.

அவருக்கு அங்கே ஒரு நண்பர் வழியாக வில்வேட்டை பழக்கமாகியிருந்தது. மிச்சிகனில் வில்லால் மான் வேட்டையாடும் பருவம் அக்டோபர் முதல் நாள் தொடங்குகிறது. உரிமம் பெற்றவர்கள் அரசு வகுத்த வரம்புக்குள் வேட்டையாடலாம். அங்குள்ள வெண்வால் மான்கள் பெருகிப் பயிரை மேய்வதும், சாலைகளில் வண்டிகளில் அடிபடுவதும் உண்டு. ஆதலால் அதை அவர்கள் நம்மைப்போலப் பார்ப்பதில்லை. நான் வேட்டையை விரும்புபவன் அல்லன். ஆனால் ஆட்டுக்கறி உண்பவன். எனவே அந்த வாதத்தில் நான் இறங்கப் போவதில்லை.

அவருடைய வில் நாம் சித்திரங்களில் காணும் வில்லன்று. மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் என்பவர் வடிவமைத்து 1969-இல் காப்புரிமை பெற்ற 'காம்பவுண்ட்' வில்லின் வழிவந்தது. அதன் இரு நுனிகளிலும் கிணற்றுக் கப்பி போன்ற சக்கரங்கள் உண்டு. ஆனால் அவை சரியான வட்டமாயிரா. நாணோடு வேறு வடங்களும் அவற்றின்மேல் ஓடும். நாணை இழுக்கத் தொடங்கும்போது கடுமையாயிருக்கும் பளு, முழுதும் இழுத்தபின் பெரும்பகுதி குறைந்துபோகும். அம்பைப் பூட்டியபடியே நெடுநேரம் குறிபார்த்து நிற்கலாம். வசதிதான். ஆனால் மேல் கப்பியும் கீழ்க் கப்பியும் ஒருசேரச் சுழல வேண்டும். வடத்தின் இழைகள் நாளடைவில் நீண்டுவிடக் கூடாது. அம்பின் வால் நாணில் பொருந்தும் இடமும், அம்பைத் தாங்கும் சிறு கொக்கியும், நாணின் நடுவே கட்டிய பார்வைத் துளையும் தத்தம் இடத்தில் இருக்க வேண்டும். அம்பின் விறைப்புங்கூட வில்லின் விசைக்குப் பொருந்த வேண்டும். இவற்றில் ஒன்று மயிரிழை பிசகினாலும் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகும்.

அப்படித்தான் போயிற்று. செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு மாலையும் வீட்டுப் பின்புறத்தில் அவர் வில்லோடு போராடினார். பிசகைக் கண்டறிய அவர்களிடம் எளிய சோதனை ஒன்றுண்டு. சட்டம் ஒன்றில் தாளை விறைப்பாகக் கட்டி, சில தப்படி தள்ளி நின்று அதை ஊடுருவி எய்ய வேண்டும். அம்பு நேராய்ச் சென்றால் தாளில் சிறு துளையும் அதைச் சுற்றி இறகுகளின் கீறலும் மட்டும் இருக்கும். கோணலாய்ச் சென்றால் தாள் ஒரு பக்கமாய்க் கிழியும். இவருடைய தாள் முதல் நாள் இடப்பக்கம் கிழிந்தது. கொக்கியை நகர்த்தினார், கிழிசல் குறைந்தது. மறுநாள் மேற்புறமாய்க் கிழிந்தது. நாணில் அம்பு பொருந்தும் இடத்தை இறக்கினார். சரியாயிற்று, அடுத்த நாள் மீண்டும் இடப்பக்கம். வடத்தை முறுக்கினார், தளர்த்தினார். வேறு அம்புகள் வாங்கினார். நாட்கள் குறையக் குறையப் பொறுமையும் குறைந்தது. ஒரே மாலையில் இரண்டு மூன்றை ஒருசேர மாற்றலானார். எது திருத்தியது, எது கெடுத்தது என்பது பிறகு தெரியவில்லை. ஒரு நாள் வில்லைப் புல்தரையில் வீசியடித்ததாகவும், உடனே ஓடிப்போய் எடுத்துத் துடைத்ததாகவும் சொல்லிச் சிரித்தார். இதற்கிடையில், வில் விற்கும் கடைக்காரர் இவர் எய்வதைப் பார்த்துவிட்டு, "வில் அல்ல, உங்கள் உள்ளங்கை வில்லைத் திருகுகிறது" என்று ஒரு சொல் சொன்னாராம். இவருக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கடைக்குப் பிறகு போகவில்லை.

செப்டம்பர் 30 மாலை. இருபது கஜத் தொலைவில் எய்த மூன்று அம்புகளும் ஒன்றையொன்று தொட்டு நின்றன. ஆனால் அவை பழகும் அம்புகள். முனையில் வெறும் கூர் மட்டுமே உண்டு. வேட்டை அம்பின் முனையிலோ அகன்ற கத்தியலகுகள் இருக்கும். வில்லில் எஞ்சிய சிறு பிசகையும் அந்த அலகுகள் காற்றைப் பிடித்துப் பெரிதாக்கிவிடும். ஆதலால் அவற்றையும் எய்து பார்த்த பின்னரே காட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. அவருக்கு அது தெரியும். அலகுமுனைகள் பெட்டியில் இருந்தன. வெளிச்சமும் கால்மணி நேரத்துக்கு மிச்சமிருந்தது. அவர் எய்து பார்க்கவில்லை.

"ஏன்?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பாத்து, சரியில்லைன்னு தெரிஞ்சிருச்சுன்னா, மறுநாள் போக முடியாதே சாமி."

மறுநாள் விடியலில் இருபத்தைந்து தப்படியில் மான் வந்து நின்றது. அம்பு நெஞ்சுக்குப் போகாமல் ஒரு சாண் பின்தள்ளி வயிற்றில் பாய்ந்தது. வயிற்றில் அடிபட்ட மானை உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் அது வலியோடு வெகுதூரம் ஓடும். மணிக்கணக்கில் காத்திருந்து, பிறகு இரத்தத் துளிகளைப் பின்பற்றினார்கள். சதுப்பு நிலம் ஒன்றின் விளிம்பில் தடம் மறைந்தது. மறுநாளும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"கேட்ட எல்லார்கிட்டயும் வில்லு சரியில்லைன்னு சொன்னேன். நெசமாவே வில்லு சரியில்லதான் சாமி. பொய் சொல்லலை. அப்புறம் ஏன் எனக்கு மனசு ஆறலை?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை.

குருமடத்தில் எங்களுக்கு அறநெறி இறையியல் கற்பித்தவர் ஒரு பழைய எடுத்துக்காட்டைச் சொல்வார். பழங்கால அறநெறி நூல்களில் வழிவழியாய் வருவது. வேட்டைக்காரன் ஒருவன் புதரில் ஏதோ அசைவதைக் காண்கிறான். விலங்கா, மனிதனா என்பது தெரியவில்லை. எய்யலாமா? கூடாது. ஐயம் தீராதவரை எய்தல் தகாது. எய்து, அது விலங்காகவே இருந்துவிட்டாலும் அவன் குற்றமற்றவன் ஆகமாட்டான். ஏனெனில் மனிதனாயிருந்தாலும் இருக்கட்டும் என்று துணிந்தே அவன் நாணை விட்டான். நாங்கள் கடைசி வரிசையில் அமர்ந்து கொட்டாவி விட்டோம். புதரையும் வேட்டைக்காரனையும் வைத்துக்கொண்டு பங்குப் பணியில் என்ன செய்வது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அந்த வேட்டைக்காரனே என்றாவது திண்ணைக்கு வந்து தேநீர் கேட்பான் என்று அன்று நினைக்கவில்லை. என் நண்பருக்குக் குறியைப் பற்றிய ஐயமில்லை. மான் வெட்டவெளியில் நின்றது. அவருடைய ஐயம் கையிலிருந்த கருவியைப் பற்றியது. ஐயம் எதைப் பற்றியதாயினும் கேள்வி ஒன்றே: தீர்க்க வழியிருந்தும் தீர்க்காமல் ஏன் எய்தாய்?

அறியாமையைப் பற்றியும் அதே வகுப்பில்தான் படித்தோம். எவ்வளவு முயன்றாலும் நீங்காத அறியாமை ஒருவனைக் குற்றவாளி ஆக்காது. முயன்றால் நீங்கக்கூடியதோ அவனை முழுதும் விடுவிக்காது. இவற்றுக்கு அப்பால் இன்னொன்றை புனித தோமாஸ் அக்குவினாஸ் காட்டுகிறார்: மனிதன் வேண்டுமென்றே வைத்துக்கொள்ளும் அறியாமை. தெரிந்துவிட்டால் தன் விருப்பம் தடைப்படுமே என்று தெரியாமலிருப்பதைத் தேர்ந்துகொள்வது. இது குற்றத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது என்கிறார். பெட்டிக்குள் மூடிக் கிடந்த அலகுமுனைகளை நினைத்தபோதுதான் அந்தப் பாடம் எனக்கு விளங்கியது. பெட்டியைத் திறக்காதது மறதியன்று, சோம்பலுமன்று. திறந்தால் என்ன தெரியவரும் என்பதை ஓரளவு அறிந்தே அவர் திறக்கவில்லை.

மறையுரையாளர்கள் விரும்பும் சொல்லாராய்ச்சி ஒன்றுண்டு. எபிரேய மொழியில் பாவத்தைக் குறிக்கும் 'ஹாத்தா' என்னும் வினைக்குக் குறி தவறுதல் என்பது ஒரு பொருள். நீதித்தலைவர்கள் நூலின் இருபதாம் அதிகாரத்தில் வரும் பென்யமின் குலத்து எழுநூறு இடக்கையர்கள் மயிரிழையையும் கவண்கல்லால் தவறாது அடிக்கவல்லவர்கள்; அங்கே தவறுதலைக் குறிப்பது இந்தச் சொல்லே. கிரேக்கத்தின் 'ஹமார்த்தியா'வும் இவ்வகையினதே. நானும் தவக்காலந்தோறும் இதைச் சொல்லிக் கைதட்டல் பெறாத குறையாக இருந்திருக்கிறேன். இப்போது எனக்கு அதில் முன்போல் நிறைவில்லை. குறி தவறுவதே பாவம் என்றால், மிகத் திறமையாய்ப் பாவம் செய்கிறவனை என்னென்பது? கவனமாய் எல்லாம் செய்தும் தவறிவிட்டவனை என்னென்பது? காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட, யானைமீது எறிந்து தவறிய வேலே ஏந்துதற்கு இனியது என்று கருதியவர் வள்ளுவர். தவறுவது அவருக்கு இழுக்கன்று. உரோமையரான சிசெரோவும், நன்மையின் எல்லை பற்றிய தம் நூலில் வில்லாளன் ஒருவனைக் காட்டுகிறார். நேராய் எய்வதற்குத் தன்னால் இயன்றதனைத்தையும் செய்வதே அவனுக்குரியது. அம்பு தைப்பது அதற்குப் பின்வருவது. நாணை விட்டபின் அம்பு காற்றுக்குச் சொந்தம். விடும்வரைதான் நமக்கு.

அப்படியானால் நம் பொறுப்பு முழுவதும் நாணை விடுவதற்கு முந்திய மாலைகளில்தான் இருக்கிறது. எரிச்சலூட்டும், யாரும் பாராட்டாத, கொக்கியை நகர்த்தித் தாளைப் பார்க்கும் மாலைகளில்.

எங்கள் தென்பாண்டிச் சீமையின் பழைய ஆயுதம் வளரி. பிறை வடிவில் செதுக்கிய ஒரே துண்டு, மரமோ இரும்போ. கப்பியில்லை, நாணில்லை. சின்ன மருது தமக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்ததாக ஆங்கிலேயப் படைத்தலைவர் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதுகிறார். அதே மருது சகோதரர்களுக்கு எதிரான 1801-ஆம் ஆண்டுப் போரில் அவரும் எதிர்ப்படையில் இருந்தார் என்பது வேறு கதை. வளரி வீசுகிறவன் தவறினால் எதைக் குறை சொல்வான்? கை மட்டுமே இருக்கிறது. கருவியில் உறுப்புகள் பெருகப் பெருக, குற்றம் ஒளிந்துகொள்ள அறைகளும் பெருகுகின்றன. கப்பி, வடம், கொக்கி, நாண், அம்பு, இறகு, காற்று என்று ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டு போகலாம். ஏதேன் தோட்டத்தில் ஆதாமுக்குக் கிடைத்த அறைகள் குறைவு. அவன் பெண்ணைக் காட்டினான். அவள் பாம்பைக் காட்டினாள். அத்தோடு ஆள் தீர்ந்துவிட்டது.

இன்று நமக்கு ஆள் தீர்வதேயில்லை. என் பங்கில் ஒரு பாட்டி உண்டு. வாழ்நாளெல்லாம் பருத்தி எடுத்துக் களை வெட்டி விரல்ரேகை தேய்ந்துபோனவர். நியாயவிலைக் கடையின் கருவி அவர் விரலை ஏற்பதில்லை. "மிசின் ஏத்துக்கலை பாட்டி, நாளைக்கு வாங்க" என்று இளைஞர் ஒருவர் சொன்னதை ஒரு நாள் வரிசையில் நின்று நானே கேட்டேன். அவர் சொன்னது பொய்யன்று. கருவி உண்மையிலேயே ஏற்கவில்லை. என் நண்பரின் வில் உண்மையிலேயே சரியில்லாததைப் போல. ஆனால் அந்த உண்மையோடு தேடல் நின்றுவிட்டது. வேறு விரல் உண்டா, வேறு வழி உண்டா, யாரிடம் கேட்பது என்னும் அடுத்த கேள்விகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. நானும் வரிசையில் நின்றேனே தவிர அவற்றைக் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆயினும் என் தாய்மாமனின் பழமொழியையும் நான் அஞ்சுகிறேன். எப்போதும் கையையே குற்றம் சொல்வதும் நேர்மையன்று. வானம் பார்த்த இப்பூமியில் அந்த நோய் அதிகம். ஐப்பசி மழை பொய்த்து, விதைத்த உளுந்தும் பருத்தியும் கருகிய ஆண்டுகளில், "நான் என்ன பாவம் செஞ்சேனோ சாமி" என்று என்னிடம் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். உழுதார்கள், பருவத்தில் விதைத்தார்கள், களை எடுத்தார்கள். வில்லாளன் செய்ய வேண்டியதனைத்தையும் செய்தார்கள். அவர்களிடம் போய் உள்மனத்தைத் துருவிப் பாருங்கள் என்று சொல்வது கொடுமை. வார் நீளமாயிருந்தால் வார்தான் நீளம். அழுகிற சிறுவனிடம் பழமொழி சொல்வதற்கு முன் வாரை அளந்து பார்ப்பதே முறை. என் மாமனும் முதலில் சிரித்தார்தான். ஆனால் தாமே இரண்டு முறை அடித்துப் பார்த்தபின் அளந்தார். அந்த இரண்டாவது கல்லுக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

இதையெல்லாம் நான் ஒழுங்காய்த் தொகுத்துச் சொன்னதாக வாசகர் எண்ண வேண்டாம். அன்று திண்ணையில் நான் சொன்னது ஒன்றே: "தம்பி, ஒங்க அப்பா தறியில துணி கோணலா வந்தா என்ன செய்வாரு?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அப்பா தறியை நிறுத்திவிடுவார். குழியிலிருந்து எழுந்துவந்து, துணியைத் தடவியபடி வெகுநேரம் நிற்பார். முதலில் பாவில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அச்சு. பிறகு விழுது. ஒன்றைத் திருத்தினால் நாலு விரல் நெய்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். ஒன்றிலும் குறை தெரியாவிட்டால் அம்மாவைக் கூப்பிட்டு, "நான் மிதிக்கிறதைப் பாரு, கால் ஒருபக்கமா அழுந்துதா?" என்பார். அம்மா பார்த்துச் சொல்வார். சரியாகும்வரை அந்தச் சேலை நகராது. முதலாளி ஆள் வந்து வாசலில் நின்றாலும் நகராது. கூலி குறைந்த வாரங்களும் உண்டு.

"அம்மாவக் கூப்புட்டுக் காலைப் பாக்கச் சொல்வாரு" என்று மறுபடியும் தமக்குள் சொல்லிக்கொண்டார். அந்தக் கடைக்காரரை அப்போது அவர் நினைத்திருக்க வேண்டும்.

மன ஆய்வு என்று நாங்கள் இரவு மன்றாட்டில் செய்வது இதைவிட வேறொன்றுமில்லை. ஒன்றை மாற்று, பார், பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே இரவில் உலுக்கினால் எதுவும் தெரியாது. நம் கண்ணுக்கு நம் கால் தெரியாது. வேறொருவரைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அவர் திரும்பிப் போனார். அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. இக்காலத்திலும் தாளில் எழுதுகிறவர். அதே கடைக்காரரிடம் போனாராம். அவர் பழைய பேச்சு எதுவும் பேசாமல் உள்ளங்கையை எங்கே வைப்பது என்று காட்டினாராம். செப்டம்பர் முழுதும் எய்தார். பழகும் அம்புகள் சேர்ந்து நின்றன. 30-ஆம் தேதி மாலை அலகுமுனைகளை வெளியே எடுத்து எய்து பார்த்தார். அவை நான்கு விரற்கடை வலப்பக்கம் போயின. கொக்கியைச் சற்றே நகர்த்தினார், இரண்டு விரற்கடை. அதற்குள் இருட்டிவிட்டது.

அக்டோபர் முதல் நாள் விடியலில் வில்லைச் சுவரிலேயே மாட்டிவைத்துவிட்டுக் காட்டுக்குப் போய் வழக்கமான மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாராம். மான்கள் நான்கு வந்தன என்று எழுதியிருந்தார். கீழே அருப்புக்கோட்டையில் மழை உண்டா என்று கேட்டிருந்தார்.